புயலுக்குள் போய் வந்த மச்சாளுக்கு

மச்சாள்,

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள்: நான், உங்கள் அண்ணா, உங்கள் மகள் அனிற்றா, செபக்குழுவில் இருந்து பிலோமினா அக்கா, அவவின் கணவர், எங்கள் கீழ்வீட்டு ஹெயிற்றிக்கார மதாம், உங்களோடு விமானத்தில் வேலை செய்த லூக். பூசையை ஒப்புக்கொடுத்தவர் புதிதாக வந்திருக்கும் இளம் பாதர். பாட்டுப் பாடும் பிள்ளைகள் வரவில்லை, பரீட்சையாம். பிலோமினா அக்காதான் பாடினா. சுருதியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

இப்படி ஒழுங்காக எழுதாவிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ஓகஸ்ட் கடைசியில் இருந்து ஒக்டோபர் வரை எங்கள் வீட்டில் நடந்த எந்த நன்மை தின்மைக்கும் நீங்கள் இருந்ததில்லை. எங்கள் லவாலுக்கு வெகு தெற்கே, அமெரிக்கர்களின் விமானத் தளத்தில், அடுத்த புயலுக்காகக் காத்திருப்பீர்கள். பிறகு தொலைபேசியில் விசாரணை நடக்கும். "ஆர் ஆர் வந்தவை? சும்மா எல்லாரும் வந்தவை எண்டு சொல்லக்கூடாது மச்சாள். ஆள் ஆளாச் சொல்லுங்கோ." வீட்டுக் கணக்கும் செபக்குழுக் கணக்கும் எழுதிப் பழகிய கை என்பதால் எனக்கும் அது வசதியாகவே இருந்தது. வந்தவர், வராதவர், வந்தும் சாப்பிடாமல் போனவர் என்று வரிசையாகச் சொல்வேன். சாப்பிடாமல் போனவரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்பீர்கள்.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்கு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் தந்த மட்டைக் குழாய் நிற்கிறது. அதற்குள் வழக்கம்போல என் அகப்பைகள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை. வரும் என்று பிலோமினா அக்கா சொல்லுகிறா. நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. அகப்பைகளை எடுத்துக் கழுவினேன். குழாயைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் இதை எழுத இருந்தேன்.

அந்தக் குழாயை நீங்கள் கொண்டுவந்த நாளில் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த மின்சாரச் சாமான் பழுது, பாவிக்க ஏலாது என்று கழித்துவிட்டார்களாம். அடுத்த முறை நீங்கள் வந்தபோது அகப்பைகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"மச்சாள், அது என்ன சாமான் எண்டு தெரியுமோ? புயலுக்கை போட்டு அளக்கிறது."

"இஞ்ச புயல் இல்லை. அகப்பை இருக்கு."

சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்தீர்கள். பிறகு சமையலறைத் தாள் சுற்றி வரும் உருளை ஒன்றை எடுத்து, கடைப் பை ஒன்றைக் குடைபோல அதில் கட்டி, சின்னப் பிள்ளையாக இருந்த அனிற்றாவைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியின் உச்சிக்குப் போனீர்கள். அங்கிருந்து அதை விழவிட்டீர்கள். விமானத்தின் வயிற்றில் ஒரு துவாரம் இருக்கும், அதுவழியாக இப்படித்தான் போடுவோம் என்றீர்கள். அது விழுந்துகொண்டே கதைக்கும்: இந்த உயரத்தில் காற்று இவ்வளவு வேகம், இந்தப் பக்கத்தால் வீசுகிறது, இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம், இவ்வளவு அமுக்கம். கடலில் தொட்டதும் பேச்சு நின்றுவிடும். அதைத் திரும்ப எடுக்க ஒருவரும் போவதில்லை. அது சொன்ன இலக்கங்களில் பிழை இருக்கிறதா என்று திரையில் பார்த்து, பிழையைக் கழித்து, புயல் எங்கே கரையேறும் என்று கணிக்கிறவர்களுக்கு உடனே அனுப்புவதுதான் உங்கள் வேலை. வானத்தில் சுற்றும் செய்மதி மேலே இருந்து படம்தான் எடுக்குமாம். உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய யாராவது உள்ளே போகத்தான் வேண்டும் என்று சொன்னீர்கள். அந்த நேரம் எங்கள் உருளை கீழ்வீட்டுப் பூச்சாடிக்குள் விழுந்து, மதாம் தலையை வெளியே நீட்டி, "இது உங்களுடையதா?" என்று பிரெஞ்சில் கேட்டா. "பாத்தியளோ, இதைத் திரும்ப எடுக்க ஆள் இருக்கு" என்றீர்கள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் வானொலி கேட்டும் நூலகத்தில் வாசித்தும் பிடித்தது. ஆனாலும் அன்று படியில் நீங்கள் காட்டியது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு செய்தியில் புயலின் படம் வந்தால், அந்த வெள்ளைச் சுருளுக்குள் எங்கேயோ நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அனிற்றாவின் அப்பா இறந்த பிறகு அவளின் செப்ரெம்பர் மாதங்கள் எங்கள் வீட்டில்தான். பள்ளிக்கூடம் தொடங்கும் காலமும் உங்கள் புயல் காலமும் ஒன்றாக வந்தன. அவளுக்குத் தலை இழுத்துக் கட்டுவேன், மதியச் சாப்பாடு கட்டுவேன், அவள் பிரெஞ்சில் சொல்லும் பள்ளிக்கூடப் புதினங்களைக் கேட்பேன். விமானம் ஏற முதல் நீங்கள் தொலைபேசியில் எடுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு.

"மச்சாள், பிள்ளை சாப்பிட்டாளோ?"

"சாப்பிட்டவள்."

"அப்ப போகட்டோ?"

"ஓம், போட்டு வாங்கோ."

கையில் வெங்காயம் இருக்கும், அடுப்பில் ஏதாவது பொங்கும். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற எவரும் கேட்கிறதும், போய் வாங்கோ என்று நாங்கள் சொல்லுகிறதும்தானே. நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பிலோமினா அக்கா நவநாள் வைத்த கதையை அவ இப்போதும் மறுக்கிறா. நீங்கள் பெரிய புயல் ஒன்றுக்குள் போகப்போகிறீர்கள் என்று நான் செபக்குழுவில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். வீடு வீடாகச் செபமாலை, மெழுகுதிரி, ஒருசந்தி விரதம். ஒன்பது நாளும் நாங்கள் முடிக்க முதலே அந்தப் புயல் கடலுக்கு நடுவில் கிழிந்து ஒன்றுமில்லாமல் போனது. உங்கள் பயணம் நின்றது. ஒரு வாரம் முந்தி வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டீர்கள்:

"ஆற்றை வேலை இது?"

பிலோமினா அக்கா அன்று எங்கள் வீட்டில் இருந்தா. "ஆண்டவர் கேட்டிட்டார் பாத்தீரோ" என்றா, பெருமையாக.

"கேட்டவர்தான் அக்கா. எங்கட பிளேனையும் எல்லே நிப்பாட்டிப் போட்டார். இனி எனக்கு நீங்கள்தான் சம்பளம் தரவேணும்."

அடுத்த வருடம் சிரிப்பில்லை. வந்துகொண்டிருந்த புயல், பிலோமினா அக்காவின் தம்பி குடும்பம் இருந்த கரையைப் பார்த்து வந்தது. நீங்கள் இரண்டு பயணங்களுக்கு இடையில் ஒரு ஞாயிறு வந்திருந்தீர்கள். அக்கா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அது திரும்ப வேணும் எண்டு செபிக்கிறம் பிள்ளை" என்றா.

"திரும்பினா எங்க போகும் அக்கா?"

"கடலுக்கை போகட்டும்."

"கடலுக்கை கப்பல் நிக்குது. அங்கால தீவுகள் இருக்கு. அங்கயும் ஒரு பிலோமினா அக்கா இருப்பா. அவவும் இப்ப முழங்காலில நிண்டு, திரும்ப வேணும் எண்டுதான் கேப்பா."

அக்கா கையை விட்டுவிட்டா. நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

"அப்ப நாங்கள் என்னெண்டு செபிக்கிறது?" என்று அக்கா கேட்டா. கோபத்தோடுதான் கேட்டா.

"எங்க போகுதெண்டு காட்டும் எண்டு கேளுங்கோ. காட்டினா, சனம் வெளிக்கிட்டிடும். மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

அது மன்றாட்டாக இருக்க ஏலுமோ என்று குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். பழைய பாதரிடம் போய்க் கேட்டதும் நடந்தது. அவர் யோசித்துவிட்டு, கெட்ட மன்றாட்டு இல்லை என்றார். அதில் இருந்து இன்றுவரை அதைச் சொல்லுகிறோம். புயலுக்கு மட்டும் சொல்லுவதில்லை. உங்கள் அண்ணாவின் கண் சத்திர சிகிச்சைக்கும் அதையே சொன்னேன்.

ஒரே ஒரு முறைதான் நீங்கள் பயத்தைப் பற்றிக் கதைத்தீர்கள். பின்னேரம், என் அடுப்படியில், அனிற்றா உள்ளே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். புயலின் கண்ணைச் சுற்றி மதில்போல மேகம் நிற்கும், அதைக் கடக்கும்போதுதான் அடி விழும் என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அந்த முறை விமானம் அதற்குள் கல்லுப்போல விழுந்ததாம். உங்கள் தேத்தண்ணிப் போத்தல் மேலே எழும்பிக் கூரையில் அடித்ததாம். ஒருவருக்குக் கை முறிந்தது. பிறகு விமானம் நிமிர்ந்து கண்ணுக்குள் போய்விட்டது.

"அங்க ஒண்டும் இல்லை மச்சாள். மேல நீல வானம். வெயில். கீழ கடல் கொதிக்குது, ஆனா உங்களுக்குச் சத்தம் கேக்காது. வெள்ளைக் குருவியள் சுத்துதுகள். புயல் அதுகளை வழியில அள்ளிக்கொண்டு வந்தது. வெளியால போக ஏலாமல் அதோடயே போகுதுகள்."

"பாவங்கள்" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. ஆனா எவ்வளவு வடிவு தெரியுமோ. அதைப் பாத்தா, திரும்பவும் அந்த மதிலைக் கடக்க வேணும் எண்டதே மறந்து போகும்."

"பயமில்லையோ?"

"அப்ப வரேல்லை. இப்ப உங்கட வாசலுக்கு வரேக்கை வந்தது. இவளின்ர சப்பாத்து. ஒண்டு நிமிந்து கிடக்கு, மற்றது கவிண்டு கிடக்கு. அதைக் கண்டோடன படியில இருந்திட்டுத்தான் மணி அடிச்சனான்."

இதை அனிற்றாவுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கோ என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டீர்கள். அடுத்த கிழமை திரும்பவும் எடுத்து, "போகட்டோ?" என்று கேட்டீர்கள்.

அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் வருடத்தில், சாப்பாட்டு மேசையில், தானும் ஒரு நாள் அந்த விமானத்தில் ஏறவேண்டும் என்றாள். உங்கள் அண்ணா என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மீன் முள்ளை எடுத்து ஒதுக்கினீர்கள். "படிப்பை முடி. பேந்து பாப்பம்" என்றீர்கள். அவள் டவுன்டவுனுக்கு மெற்றோவில் போய்வந்து நீங்கள் படித்த அதே படிப்பைப் படித்தாள், முடித்தாள், இங்கே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தாள். பேந்து என்று நீங்கள் சொன்ன அந்த நாளைப் பற்றி, பிறகு எப்போது என்று, ஒருவரும் கதை எடுக்கவில்லை.

பிறகு இந்த வருட ஏப்ரல். காற்றில்லை, மழையில்லை. வாகனத் தரிப்பிடத்தில் குவித்துவிட்ட பனி கறுத்துப்போய் உருகிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். நீங்கள் எடுத்தீர்கள்.

"மச்சாள், கடைக்குப் போறன். ஏதும் வேணுமோ?"

"கறிவேப்பிலை கிடைச்சா வாங்குங்கோ."

"சரி, போட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ."

கடை வாசலில், தள்ளுவண்டிகளைக் கொழுவி விடுகிற இடத்தில் விழுந்தீர்கள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் சாமான்களை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். மேலங்கி, கண்ணாடி, வீட்டுத் திறப்பு, கறிவேப்பிலை. வீட்டுக்கு வந்து இலையைக் கழுவித் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். அடுத்த நாள் வந்தவர்களுக்குச் சமைக்க வேண்டியிருந்தது. பருப்பில் போட்டேன்.

இன்றைய கதைக்கு வருகிறேன். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. லூக் என் முன்னால் வந்து இருந்தார். உயரமான, மெதுவாகப் பேசுகிற ஆள். என் பிரெஞ்சு அவருக்கு விளங்கியது, விளங்காத இடத்தில் அனிற்றா சொன்னாள். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, அவர் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே லவால் டவர்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அனிற்றா தலையைக் குனிந்தாள்.

அவர் சொன்னார். விமான நிலையத்தில் புறப்பட அனுமதி தருவது டவர். உங்கள் விமானத்துக்கு இரண்டு டவராம். ஒன்று அந்தத் தளத்தில் இருந்தது. மற்றது லவாலில், என் அடுப்படியில். எல்லோரும் ஏற முதல் நீங்கள் ஒரு பக்கமாகப் போய்த் தொலைபேசியில் கதைப்பீர்களாம். திரும்பி வந்தால் பைலட் கேட்பாராம், லவால் டவர் என்ன சொல்லுகிறது என்று. நீங்கள் கட்டைவிரலைக் காட்டுவீர்களாம். அதன் பிறகுதான் ஏணியில் கால் வைப்பீர்கள். முதலில் பகிடியாகத்தான் இருந்தது, பிறகு அது இல்லாமல் ஏற எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது என்றார். ஒரு முறை நான் தொலைபேசியை எடுக்கவில்லையாம். நீங்கள் ஏணியடியில் நின்று திரும்பத் திரும்ப அடித்தீர்களாம். பைலட் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கடைசியில் வேறு ஆரையோ பிடித்து என்னோடு கதைத்தீர்களாம்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் அண்ணாவின் கண் சத்திர சிகிச்சை. அவருடைய தொலைபேசியில் எடுத்தீர்கள். "என்ன மச்சாள் இது, டொக்டர் வாறார். ஓம் ஓம், போட்டு வாங்கோ" என்று வைத்துவிட்டேன். வேலையில்லாமல் இருக்கிறீர்கள், அதுதான் எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

லூக் அதைச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். பிலோமினா அக்கா, "பாத்தியளே, ரவராம்" என்று என் முழங்கையில் இடித்தா.

வீட்டுக்கு வந்து நானும் அனிற்றாவும் சட்டி கழுவினோம். அவள் பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தாள்.

"மாமி, தெற்கில இருந்து எனக்கும் கேட்டிருக்கினம். இந்த சீசனுக்குப் பயிற்சி. ஜூன்ல போகவேணும்."

"எப்ப கேட்டவை?"

"அம்மா இருக்கேக்கையே. அவவுக்குச் சொல்ல நேரம் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"மாமா என்ன சொல்லுறார்?"

"மாமியைக் கேள் எண்டுறார்."

அவர் வேறென்ன சொல்லுவார்.

"வெள்ளிக்கிழமை நான் பதில் அனுப்பவேணும்" என்றாள். "நீங்கள் வேண்டாம் எண்டா, இஞ்சயே இருந்து வானிலை மப் பாக்கிறன். கோவிக்கமாட்டன். உண்மையா. ஆனா உங்களிட்டக் கேக்காமல் போகமாட்டன். அம்மா கேட்டமாதிரித்தான் கேக்கிறன். போகட்டோ மாமி?"

என் கையில் சோற்றுப்பானை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பானையைத் துடை" என்றேன். அவள் துடைத்தாள். காத்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டு, வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றாள். அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இதுதான் மச்சாள் நடந்தது. இத்தனை வருடமும் கையில் வெங்காயத்தோடு சொன்ன ஒரு பேச்சில் ஏதோ இருந்தது என்று லூக் சொல்லித்தான் அறிந்தேன். அறிந்த நேரத்தில் அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு புயலுக்கும் அதைச் சொன்னேன், நீங்கள் வந்தீர்கள். கடைக்குப் போகவும் அதையேதான் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. அதே மாதிரித்தான் சொன்னேன்.

செபமாலையை எடுத்தேன். விரல் மணியில் போகிறது, வாய் சொல்லுகிறது, நான் எங்கேயோ நிற்கிறேன். எங்கே போகுதென்று காட்டும் ஆண்டவரே என்று நீங்கள் சொல்லித்தந்ததையும் சொன்னேன். வேறு மன்றாட்டு என்னிடம் இல்லை. அவர் காட்டுவார். அவருக்கு அவசரமில்லை. வெள்ளிக்கிழமைக் கெடு எனக்குத்தான்.

உங்கள் குருவியளையும் அவளின் சப்பாத்தையும் நான்தான் வைத்திருக்கிறேன். இரண்டும் வேறு ஒருவரிடமும் இல்லை. வியாழக்கிழமை அவளைச் சாப்பிட வரச்சொல்லி, இரண்டையும் சொல்லப்போகிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்க்கணக்கு. அவள் கேட்பாள், அழுவாள், சாப்பிடுவாள். ஆனால் அதன் பிறகும், நீங்கள் ஏணியடியில் நின்றதுபோல, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் இதை முதலில் கேட்டது உங்களிடம். பேந்து பாப்பம் என்று விட்டதும் நீங்கள். நான் அவளை அனுப்பலாமோ, அதை மட்டும் சொல்லுங்கோ. கனவில் என்றாலும் சரி, வேறு எப்படி என்றாலும் சரி. வெள்ளிக்கிழமைக்கு முன்னம், கெதியாப் பதில் போடுங்கோ மச்சாள்.